விந்தணு 'நில்' (ஒன்றுகூட இல்லை) என்று வந்தது, விந்துக்குழாயே இல்லையாம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மரபணு பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரையான் (மார்ச் 3, இரவு 11.20)

வணக்கம். இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். சொந்தக்காரர்களிடம் வாய் திறக்க முடியாத விஷயம், அதனால்தான் இங்கே வருகிறேன்.

எனக்கு வயது 34. கல்யாணமாகி ஆறு வருஷம். மனைவி என் தாய்மாமன் மகள். முதல் நாலு வருஷமும் டெஸ்ட் எல்லாம் அவளுக்குத்தான். ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே, மாதம் தவறாமல் ஊசி. எல்லாம் நார்மல் என்றார்கள். திருக்கருகாவூர் நெய்யை ஒரு மண்டலம் சாப்பிட்டாள். சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. மணையில் உட்கார்ந்த பெண்ணுக்கு வளையல் போட எல்லாரையும் கூப்பிட்டார்கள், இவளை மட்டும் விட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐந்தாம் வருஷம்தான் ஒருவர் எனக்கும் டெஸ்ட் எழுதினார். விந்தணு 'நில்'. அளவு 0.6 மில்லி. அந்த ஆஸ்பத்திரியில் வெரிகோசீல் (விதைப்பையில் ரத்தக்குழாய் வீக்கம்) என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் 'நில்'. அப்புறம் விதையிலிருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். பயந்துபோய் வேறு இடம் போனேன். அங்கிருந்த டாக்டர் என்னை நிற்க வைத்து, கையால் தொட்டுப் பார்த்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "தம்பி, உங்களுக்கு இரண்டு பக்கமும் விந்துக்குழாய் இல்லை. பிறவியிலேயே இப்படித்தான்" என்றார்.

ரத்தம் எடுத்து மரபணு டெஸ்டுக்கு அனுப்பினார்கள். சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணுவில் ஒரு பிரதியில் எஃப்508டெல், இன்னொன்றில் 5டி என்று வந்திருக்கிறது. தேடிப் பார்த்தால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், நுரையீரல் நோய், சின்ன வயதில் சாவு என்றெல்லாம் வருகிறது. எனக்குச் சளி பிடிப்பதே வருஷத்துக்கு ஒரு தடவைதான். லாரி பட்டறையில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்று வேலை செய்கிறவன்.

எனக்கு அந்த நோய் இருக்கிறதா? ஒரு குழாய் எப்படி இல்லாமல் போகும்? எனக்குப் பிள்ளை பிறக்குமா, பிறந்தால் அதற்கு என்ன ஆகும்? யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேப் செல்வி (மார்ச் 4, காலை 7.05)

சகோ, முதலில் உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நான் பதினாறு வருஷமாக லேபில் விந்துப் பரிசோதனை பார்க்கிறவள். உங்கள் பழைய ரிப்போர்ட்டை எடுத்து மூன்று வரிகளைப் பாருங்கள். அளவு, பி.எச்., ஃப்ரக்டோஸ். என் கணிப்பு: பி.எச். 7க்குக் கீழே இருக்கும், ஃப்ரக்டோஸ் 'நெகட்டிவ்' என்றிருக்கும்.

விந்து என்று வெளியே வருவதில் விந்தணுவின் பங்கு மிகமிகக் குறைவு. பெரும்பகுதி, கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, விந்துப்பை என்ற சுரப்பியிலிருந்து வருகிறது. அதில்தான் ஃப்ரக்டோஸ் சர்க்கரை இருக்கிறது, அந்த நீர் காரத்தன்மை உள்ளது. மீதியில் பெரும்பங்கு புராஸ்டேட்டிலிருந்து வருவது, அது அமிலம். விந்துக்குழாய் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் விந்துப்பையும் இருக்காது, இருந்தாலும் சுருங்கிப்போயிருக்கும். அதனால் வருவது புராஸ்டேட் நீர் மட்டும்தான். கொஞ்சமாக, தண்ணீர் மாதிரி, அமிலமாக இருக்கும்.

ஃப்ரக்டோஸ் பார்க்கிற முறை எளிது. சாம்பிளோடு ரிசார்சினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துக் கொதிக்கிற தண்ணீரில் வைப்போம். சர்க்கரை இருந்தால் கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சு கலந்த சிவப்பு ஏறும். இப்படிப்பட்டவர்களுடைய குழாய் மட்டும் நிறமே மாறாமல் நிற்கும். அதைப் பார்த்தால் நான் ரிப்போர்ட்டில் தனியாக எழுதி, டாக்டருக்கு போன் போட்டும் சொல்லிவிடுவேன். பல லேப்களில் 'விந்தணு இல்லை' என்று ஒரே வரியோடு அனுப்பிவிடுகிறார்கள், அது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். பி.எச். பார்க்கிற காகிதம் சில ரூபாய்தான், அதைத் தொட்டுப் பார்த்திருந்தால் இந்தச் சகோதரருக்கு ஒரு ஆபரேஷன் மிச்சமாகியிருக்கலாம்.

ஒன்று மட்டும் கவனம். சாம்பிள் பிடிக்கும்போது பாதி சிந்திப்போனாலும் அளவு குறைவாகத்தான் தெரியும். ஒரு தடவை பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது, இரண்டு தடவையாவது எடுக்க வேண்டும்.

வைகைக்கரையான் (மார்ச் 4, காலை 8.30)

அக்கா, இப்போதுதான் ஃபைலைத் திறந்து பார்த்தேன். பி.எச். 6.5. ஃப்ரக்டோஸ் நெகட்டிவ். இரண்டும் அதிலேயே எழுதியிருக்கிறது. யாருமே எனக்குச் சொல்லவில்லை.

பழனிவேல் (மார்ச் 4, காலை 10.15)

தம்பி மனம் தளர வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு பூனைக்காலி விதை லேகியம் ஆறு மாதம் சாப்பிட்டு அணு எண்ணிக்கை ஏறியது. நல்ல வைத்தியரிடம் காட்டுங்கள். முருகன் துணை.

யூரோ மருத்துவன் (மார்ச் 4, இரவு 9.50)

ஐயா பழனிவேல், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்தத் தம்பிக்கு அணு உற்பத்தியில் குறை இல்லை. உள்ளே உற்பத்தி நடந்துகொண்டே இருக்கிறது, வெளியே வர வழிதான் இல்லை. எந்த மருந்தும், எங்கள் மருந்தும் உங்கள் லேகியமும், இல்லாத குழாயை உண்டாக்காது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது வெளியிலிருந்து வந்தால் மூளை விதைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும், இருக்கிற உற்பத்தியும் படுத்துவிடும்.

தம்பி, நீங்கள் வைகைக்காரர், அதனால் உங்கள் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். கண்மாயில் தண்ணீர் தளும்புகிறது, வயலுக்குப் போகிற வாய்க்கால் தூர்ந்து தரையோடு தரையாகிவிட்டது. உங்கள் நிலைமை அதுதான். உங்கள் விதை நல்ல அளவில் இருக்கும், எஃப்.எஸ்.எச். ஹார்மோனும் டெஸ்டோஸ்டிரோனும் சரியாக இருக்கும். மீசை, குரல், தாம்பத்தியம் எதிலும் குறை இருக்காது. இருந்தால் சொல்லுங்கள்.

வாய்க்கால் எப்படித் தூர்ந்தது என்று கேட்டீர்கள். தாயின் வயிற்றில் ஆண் கருவுக்கு விதை ஓரிடத்தில் உருவாகிறது, அதை வெளியோடு இணைக்கும் குழாய் வேறோர் அமைப்பிலிருந்து உருவாகிறது. அந்தப் பழைய குழாய்க்கு உல்ஃபியன் நாளம் என்று பெயர். விதை சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் பட்டு அது எபிடிடிமிஸ் ஆகிறது, விந்துக்குழாய் ஆகிறது, விந்துப்பை ஆகிறது. சி.எஃப்.டி.ஆர். என்பது செல்லின் சுவரில் இருக்கிற ஒரு மதகு. குளோரைடும் பைகார்பனேட்டும் அதன் வழியாகப் போய்வர வேண்டும், பின்னாலேயே தண்ணீர் போகும், உள்ளே ஓடுகிற நீர் இளக்கமாக இருக்கும். மதகு வேலை செய்யாவிட்டால் அந்த நீர் பசை மாதிரி கெட்டியாகிவிடும். நுரையீரலில் நடந்தால் சளி அடைக்கிறது. கணையத்தில் நடந்தால் செரிமான நீர் வராமல் நிற்கிறது. முடி அளவு உள்வட்டம் கொண்ட விந்துக்குழாயில் நடந்தால் குழாயே அழிந்துவிடுகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள கருக்களை ஆராய்ந்தபோது சிலவற்றில் விந்துக்குழாய் இருந்தது தெரிந்தது. ஆகவே குழாய் உருவாகவே இல்லை என்பது சரியல்ல. உருவாகி, பிறகு அடைத்துச் சிதைந்துபோகிறது என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கிற விளக்கம்.

விதையோடு ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸின் தலைப்பகுதி மட்டும் பெரும்பாலும் தப்பிவிடும். அதற்குக் காரணம் அந்தத் துண்டு வேறு குட்டிக் குழாய்களிலிருந்து வருவது. உங்களுக்கு வேண்டிய விந்தணு அங்கேதான் தேங்கி நிற்கிறது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. முழு நோய் வர இரண்டு பிரதிகளிலும் கடுமையான பழுது வேண்டும். உங்களுக்கு ஒன்றுதான் கடுமையானது, எஃப்508டெல். இன்னொன்று 5டி, அது மிதமானது. மரபணுவில் 'டி' என்ற எழுத்து வரிசையாக வரும் ஓர் இடம் உண்டு. பலருக்கு ஏழு அல்லது ஒன்பது இருக்கும், உங்களுக்கு ஐந்து. அந்த வரிசை குட்டையாக இருந்தால் செல் படிக்கும்போது ஓர் அத்தியாயத்தைத் தாண்டிவிடுகிறது. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகையில் இரண்டு தாள் சேர்ந்து புரண்டுவிடுகிறதே, அந்த மாதிரி. எல்லாத் தடவையும் அல்ல, பல தடவை. அதனால் சரியான புரதம் கொஞ்சம் கிடைக்கிறது. அந்தக் கொஞ்சம் நுரையீரலுக்கும் கணையத்துக்கும் போதும், விந்துக்குழாய்க்குப் போதாது. நம் உடம்பில் இந்த மரபணுக் குறைவை முதலில் தாங்க முடியாமல் போவது விந்துக்குழாய்தான்.

எனவே உங்களை நோயாளி என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் ஒரு தடவை வேர்வை உப்பு டெஸ்ட், நெஞ்சுப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்டவர்களில் சிலருக்குச் சைனஸ் தொந்தரவு, கணைய அழற்சி பிற்பாடு வருவதுண்டு.

உங்களைக் கையால் பார்த்த டாக்டரைப் பாராட்டுகிறேன். விந்துக்குழாய் நன்றாக முறுக்கேறிய சணல் கயிறு மாதிரி விரல்களுக்கு நடுவே உருளும். ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனில் அதைத்தான் பிடித்துக் கட்டுகிறோம். அது இருக்கிறதா இல்லையா என்று பார்க்க எந்த மெஷினும் வேண்டாம். இந்த நிலைமையில் விதையிலிருந்து சதை எடுத்துப் பார்க்கவும் அவசியமில்லை. விந்தணு 'நில்' என்று வந்த ஒவ்வொருவரையும் நிற்க வைத்துத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஜூனியர்களிடம் நான் தொண்டை வற்றச் சொல்கிறேன்.

தென்றல்77 (மார்ச் 5, காலை 6.40)

டாக்டர், என் தம்பிக்கு ஒரு பக்கம் மட்டும் இந்தக் குழாய் இல்லை என்றார்கள். ஸ்கேனில் அதே பக்கம் கிட்னியும் இல்லை. அவனுக்கும் இந்த மரபணு டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

யூரோ மருத்துவன் (மார்ச் 5, காலை 7.20)

அது பெரும்பாலும் வேறு கதை அம்மா. கிட்னியின் முளை அதே உல்ஃபியன் நாளத்திலிருந்துதான் கிளம்புகிறது, கரு ஐந்து வாரம் இருக்கும்போது. அப்போதே நாளத்தில் கோளாறு என்றால் கிட்னியும் சேர்ந்து போகும். சி.எஃப்.டி.ஆர். பழுதில் கிட்னி முளை பிரிந்து போன பிறகுதான் குழாய் கெடுகிறது, அதனால் கிட்னி தப்பிவிடும். கிட்னி இல்லாதபோது இந்த மரபணுவில் பழுது கிடைப்பது அரிது. தம்பிக்கு மறுபக்கக் குழாய் சரியாக இருந்தால் இயல்பாகவே குழந்தை பிறக்கலாம். இருக்கிற ஒரு கிட்னியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அகிலன் அம்மா (மார்ச் 5, மதியம் 2.10)

எல்லாவற்றையும் படித்தேன். என் மகனுக்கு முழு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். இரண்டு பிரதியும் பழுது. இப்போது 15 வயது.

பிறந்த மூன்றாம் மாதம் அவனை முத்தமிட்டால் உதட்டில் உப்புக் கரித்தது. மாமியாரிடம் சொன்னேன், "குழந்தைக்கு வேர்க்கும்தான்" என்றார். எடை ஏறவே இல்லை, மலம் எண்ணெய் மாதிரி மிதக்கும், ஓயாத இருமல். காசநோய் என்று சொல்லி ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள். இரண்டரை வயதில்தான் ஒரு டாக்டரம்மா "முத்தம் கொடுத்தால் உப்பாக இருக்குமா?" என்று கேட்டார். அங்கேயே அழுதுவிட்டேன். வேர்வை டெஸ்டில் குளோரைடு 60 தாண்டினால் நோய் என்பார்கள், இவனுக்கு 104. 1948ல் நியூயார்க்கில் கடும் வெயில் அடித்தபோது இந்த நோய் உள்ள பிள்ளைகள் மட்டும் உப்புச்சத்து வற்றி மயங்கி வந்தார்களாம், அதிலிருந்துதான் வேர்வையைச் சோதிக்கும் வழி பிறந்தது என்று அந்த டாக்டரம்மா சொன்னார். எங்கள் வீட்டில் சித்திரை வெயிலில் அவன் பையில் எப்போதும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாட்டில் இருக்கும்.

பிறக்கும்போது ஒரு விதை கீழே இறங்கவில்லை, ஒரு வயதில் ஆபரேஷன் செய்தோம். இந்த நோய் உள்ள ஆண் குழந்தைகளுக்கு அது கொஞ்சம் அதிகம் என்று அப்புறம்தான் தெரிந்தது. வகுப்பில் மற்றப் பையன்களுக்கு மீசை அரும்பிவிட்டது, இவனுக்கு இப்போதுதான் குரல் உடைகிறது. சத்து ஏறாவிட்டால் வயதுக்கு வருவது தள்ளிப்போகும், எடையைக் கவனியுங்கள், தானாக வந்துவிடும் என்றார் டாக்டர். சாப்பாட்டோடு என்சைம் மாத்திரை, நெய், முட்டை என்று போட்டுப் போட்டு இந்த வருஷம்தான் நாலு கிலோ ஏறினான்.

என் கேள்வி இதுதான். இந்த நோய் உள்ள ஆண்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் விந்துக்குழாய் இருக்காது என்று படித்தேன். அவனிடம் இதை எப்போது சொல்வது? யார் சொல்வது? அவன் அப்பா "இப்பவே எதுக்கு, கல்யாணத்தப்போ பார்த்துக்கலாம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ரொறன்ரோ பெடியன் (மார்ச் 6, அதிகாலை 4.35)

அக்கா, உங்களுக்குப் பதில் எழுத வேண்டும் என்றே கணக்குத் தொடங்கினேன். எனக்கு 38 வயது. அப்பா அம்மா யாழ்ப்பாணம், நான் பிறந்தது கனடாவில். எனக்கும் முழு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்.

இந்த மரபணுவைக் கண்டுபிடித்ததே நான் இருக்கிற ஊரில்தான். 1989ல் ரொறன்ரோ சிறுவர் வைத்தியசாலையில் லாப்-சீ சூய் என்பவரும் ஜான் ரியோர்டனும், மிச்சிகனில் இருந்த பிரான்சிஸ் காலின்ஸும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். எஃப்508டெல் என்பது 508ஆம் இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் விடுபட்டுப்போவது. மொத்தம் 1,480 இருக்கிற புரதத்தில் ஒன்று.

எனக்கு 17 வயதில் சொன்னார்கள். கிளினிக்கில் ஒரு தாதி, வேறு ஏதோ கதைத்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்குத் தெரியும்தானே, உன்னால் பிள்ளை பெற ஏலாது" என்று சொன்னார். தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார். எனக்குத் தெரியாது. அந்த வயதில் எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான், நான் ஆம்பிளை இல்லை. ஆறேழு வருஷம் அதை உள்ளே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு பெட்டையோடும் நெருங்கிப் பழகவில்லை. பிறகு வேறொரு வைத்தியர் படம் கீறிக் காட்டினார். குழாய்தான் இல்லை, விந்தணு இருக்கிறது, உறவில் ஒரு குறையும் இல்லை, ஊசியால் எடுத்துப் பிள்ளை உண்டாக்கலாம் என்று சொன்னார். இது மூன்றும் முதல் நாளே ஒன்றாகச் சொல்லப்பட்டிருந்தால் எனக்கு அந்த வருஷங்கள் மிஞ்சியிருக்கும்.

ஆனபடியால், அக்கா, இப்போதே சொல்லுங்கள். 15 வயது நல்ல வயது. நீங்கள் சொல்லிவிட்டு வெளியே போங்கள், பிறகு அவர் தனியாக வைத்தியரோடு கதைக்கட்டும். தாய்க்கு முன்னால் கேட்க முடியாத கேள்விகள் இருக்கும். இன்னுமொன்று. நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குக் குழாய் இருக்கிறது. பிள்ளை பிறக்காது என்று நம்பிக் கவனமில்லாமல் இருக்கக் கூடாது, பிறகு பெரிய பையனானதும் ஒரு விந்துப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

நான் இப்போது இந்த நோய்க்கான ட்ரைகாஃப்டா என்ற மருந்து எடுக்கிறேன். மூச்சு விடுவது வேறு உலகம் மாதிரி இருக்கிறது. குழாய் திரும்ப வருமோ என்று ஆசையாய்க் கேட்டேன். வராது, பிறக்க முன்னமே போனது என்று சொன்னார்கள். 2019ல் ஒரு ஆய்வில், இந்த நோய் உள்ள ஃபெரட் என்ற சிறு பிராணிகளுக்குக் கர்ப்பத்திலேயே இவாகாஃப்டர் என்ற மருந்தைத் தாய் மூலம் கொடுத்தபோது குட்டிகளின் விந்துக்குழாய் காப்பாற்றப்பட்டது. அதை வாசித்த நாள் எனக்கு நித்திரை வரவில்லை.

என் மகனுக்கு இப்போது நாலு வயது. இக்ஸி முறையில், அதாவது எடுத்த விந்தணுவை லேபில் ஊசியால் முட்டைக்குள் செலுத்திப் பிறந்தவன். மனுசியைப் பரிசோதித்தார்கள், அவவிடம் பழுது இல்லை. ஆனபடியால் மகன் காவி மட்டும்தான், அதாவது ஒரு பழுதான பிரதியைச் சுமக்கிறவன், நோய் இல்லை. என்னிடம் இருக்கிற இரண்டும் பழுது, என் பிள்ளைகள் எல்லோருமே ஒன்றையாவது சுமக்கத்தான் வேண்டும்.

அகிலன் அம்மா (மார்ச் 6, காலை 9.00)

தம்பி, உங்கள் பதிவைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அவன் அப்பாவுக்குப் படிக்கக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மரபணு மலர் (மார்ச் 6, இரவு 8.15)

நான் மரபணு ஆலோசகர். வைகைக்கரையான் சகோ, உங்கள் பதிவில் என்னை நிறுத்தியது ஒரு வரி: 'மனைவி என் தாய்மாமன் மகள்'. அதனால் இக்ஸிக்குத் தேதி குறிப்பதற்கு முன்னால் அவர்களுக்கும் சி.எஃப்.டி.ஆர். டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும். இது சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் பொருந்தும், உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

எந்த டெஸ்ட் என்பதும் முக்கியம். ஐரோப்பியர்களிடம் அதிகம் காணப்படும் பழுதுகளை மட்டும் பட்டியல் போட்டுப் பார்க்கிற டெஸ்ட் மலிவாகக் கிடைக்கும். அங்கே பழுதான பிரதிகளில் பெரும்பாலானவை எஃப்508டெல் என்பதால் அது அவர்களுக்குச் சரிப்பட்டுவரும். நம்மவர்களிடம் எஃப்508டெல்லின் பங்கு அந்த அளவு கிடையாது, வேறு பலவகைப் பழுதுகள் சிதறிக் கிடக்கின்றன. இந்த மரபணுவில் 2,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன. அதனால் மரபணுவை முழுவதும் வாசிக்கிற டெஸ்டையே கேளுங்கள், 5டி பகுதியையும் அதற்குப் பக்கத்தில் 'டிஜி' என்ற எழுத்து ஜோடி எத்தனை தடவை வருகிறது என்பதையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். 5டி இருக்கிற எல்லாருக்கும் பிரச்சினை வராது. பக்கத்தில் டிஜி 12 அல்லது 13 இருந்தால்தான் பெரும்பாலும் வருகிறது.

அப்பா அம்மா இருவரும் இருக்கிறார்களா? அவர்கள் ரத்தத்தையும் பார்த்தால் உங்களுக்கு எது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியும். அம்மா வழியில் வந்தது எதுவோ அது மாமாவிடம் இருக்கப் பாதி வாய்ப்பு, மாமா மகளிடம் இருக்க அதில் பாதி, அதாவது நான்கில் ஒன்று.

பழனிவேல் (மார்ச் 6, இரவு 10.30)

நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் அம்மா. என் அக்கா பேரனுக்கு இதே மாதிரி அணு இல்லை என்று இரண்டு வருஷமாக லேகியம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், நான்தான் சொன்னேன். நாளைக்கே அவனை அழைத்துக்கொண்டு போய் டாக்டரிடம் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

வைகைக்கரையான் (ஏப்ரல் 9, இரவு 10.05)

ஒரு மாதம் கழித்து வருகிறேன். எல்லாருடைய ரிசல்ட்டும் வந்துவிட்டது.

எஃப்508டெல் அப்பாவிடமிருந்து. 5டி அம்மாவிடமிருந்து, கூடவே டிஜி 12. ரிப்போர்ட்டை விளக்கிச் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "அப்போ அந்தப் புள்ளைய நாமதான்டா இத்தனை வருஷம் நோகடிச்சோமா?" அன்றைக்கு ராத்திரி அம்மா என் மனைவிக்குத் தலைவாரிப் பின்னிவிட்டார். கல்யாணமான புதுசில் செய்தது, நடுவில் எப்போது நின்றது என்று எனக்கு ஞாபகமில்லை.

மனைவிக்கும் ஒரு பிரதியில் அதே 5டி இருக்கிறது. மாமா வழியாக வந்ததுதான். இதற்கு என்ன அர்த்தம் என்று மலர் அக்கா சொல்லுங்கள். இங்கே ஒருவர் 'பெண் கருவை மட்டும் வைத்துக்கொண்டால் பிரச்சினையே இல்லை' என்று தனிச்செய்தி அனுப்பியிருந்தார்.

மரபணு மலர் (ஏப்ரல் 10, காலை 7.30)

முதலில் அந்தத் தனிச்செய்தி. பெண்ணா ஆணா என்று பார்த்துக் கருவைத் தேர்ந்தெடுப்பது நம் நாட்டில் குற்றம், 1994ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பேச்சே வேண்டாம்.

மற்றபடி நீங்கள் பயந்த அளவுக்கு இல்லை. உங்களிடமிருந்து குழந்தைக்கு எஃப்508டெல் அல்லது 5டி போகும். மனைவியிடமிருந்து 5டி அல்லது நல்ல பிரதி போகும். நான்கு சேர்க்கை, நான்கும் சம வாய்ப்பு. இரண்டில் குழந்தை காவி மட்டும். ஒன்றில் இருபுறமும் 5டி. இன்னொன்றில் எஃப்508டெல்லும் 5டியும், அதாவது அப்படியே உங்களைப் போல. இந்தக் கடைசி இரண்டில் ஆண் குழந்தையாக இருந்தால் விந்துக்குழாய் இல்லாமல் போகலாம், உங்களைப் போன்ற சேர்க்கையில் அதற்கு வாய்ப்பு அதிகம். நெஞ்சும் கணையமும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், இருந்தாலும் கண் வைத்திருக்க வேண்டும். அகிலனுக்கு இருப்பது போன்ற கடுமையான நோய் வர இருபக்கமும் கடுமையான பழுது வேண்டும், அது உங்கள் இருவரிடமும் சேர்ந்து இல்லை. மனைவியிடம் எஃப்508டெல் போல ஒன்று இருந்திருந்தால் நான்கில் ஒரு குழந்தைக்கு அது வந்திருக்கும், அப்போது கருவிலேயே சோதித்துப் பார்க்கச் சொல்லியிருப்பேன். இந்த நிலைமையில் கருச்சோதனை வேண்டுமா என்பது நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டியது. நான் ஒரு பக்கம் சாய்க்கமாட்டேன்.

அகிலன் அம்மா (ஏப்ரல் 21, மாலை 6.20)

சொல்லிவிட்டோம். அவன் அப்பாதான் சொன்னார். படம் போட்டுக் காட்டினார், கை நடுங்கியது. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது எனக்கு பயாலஜி புக் பார்க்கும்போதே டவுட் இருந்துச்சுப்பா, கேட்டா அம்மா அழுவாங்கன்னு கேட்கல" என்றான். அப்புறம் டாக்டரோடு தனியாக அரைமணி நேரம் பேசினான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.

வைகைக்கரையான் (ஜூன் 14, இரவு 9.40)

கருச்சோதனை வேண்டாம் என்று முடிவு செய்தோம். முதலில் சொன்னது அவள்தான். "உங்களை மாதிரி பையன் பொறந்தா என்ன குறைஞ்சு போச்சு, அகிலன் அம்மா மாதிரி நாமளும் நேரத்தோட சொல்லிடுவோம்" என்றாள்.

நேற்று விந்தணு எடுத்தார்கள். இதே நிலையில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன். பீசா என்று பெயர். விதைப்பைத் தோலில் மரத்துப்போக ஊசி போட்டார்கள், அது மட்டும் சுருக்கென்று இருந்தது. பிறகு மெல்லிய ஊசியை எபிடிடிமிஸில் நுழைத்து உறிஞ்சினார்கள். இருபது நிமிஷத்தில் முடிந்தது. விதைக்குப் பக்கத்திலுள்ள தலைப்பகுதியிலிருந்துதான் எடுத்தார்களாம், அங்கேதான் புதிதாக வந்தவை இருக்கும் என்றார்கள். சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிட்டேன், இன்றைக்குக் கொஞ்சம் வலி இருக்கிறது, அவ்வளவுதான். நாலு குப்பியில் உறைய வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை சரியாக வராவிட்டால் மறுபடி குத்த வேண்டியதில்லை. 1992ல் பெல்ஜியத்தில் இக்ஸி வருவதற்கு முன்னால் என்னைப் போன்றவர்களுக்குப் பிள்ளை என்பது பெரும்பாலும் எட்டாக்கனிதான் என்று டாக்டர் சொன்னார். ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதுமாம். அடுத்த மாதம் மனைவிக்கு முட்டை எடுக்கிறார்கள். பலன் இனிமேல் பெரும்பாலும் அவள் வயதைப் பொறுத்தது, 29தான், நல்ல வயது என்றார்கள்.

எடுத்த கையோடு லேபில் இருந்த பெண் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, மைக்ராஸ்கோப்பை டிவியில் இணைத்துக் காட்டினார். முதலில் வெறும் புள்ளிகள். பிறகு ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு குறுக்கே போனது. பின்னாலேயே இன்னொன்று. என் மனைவி திரைக்குப் பக்கத்தில் போய் விரல் வைத்து எண்ண ஆரம்பித்தாள். பதினேழு வரை வந்தாள், அதற்கு மேல் அவை ஓடிக்கொண்டே இருந்ததால் எண்ண முடியவில்லை. "இதைத்தான் அவங்க நில்லுன்னு எழுதினாங்களா?" என்று திரும்பி என்னைக் கேட்டாள்.